தலைமைப் பயிற்சியாளரை மாற்றலாமா? கூடைப்பந்து அணி முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் போதும், எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: "கோச்சை மாத்துங்கப்பா." நானும் சொல்லியிருக்கிறேன். 2018 மே மாதம் டொராண்டோ ராப்டர்ஸ் டுவேன் கேசியை வீட்டுக்கு அனுப்பியபோது நியாயம்தான் என்றேன். அடுத்த மாதமே அவருக்கு வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது, அசடு வழிந்தேன். அதற்கடுத்த ஆண்டு ராப்டர்ஸ் கோப்பையைத் தூக்கியதும் மறுபடி நியாயம்தான் என்றேன். ஒரே முடிவுக்குச் சுமார் ஓராண்டில் மூன்று தீர்ப்பு.

நான் கேட்ட கேள்வியே தப்பு என்று புரிய நாளாயிற்று. "இவர் நல்ல கோச்சா?" என்று கேட்டால், நேற்றைய ஸ்கோர் எந்தப் பக்கமோ பதிலும் அந்தப் பக்கம் சாயும். கேட்க வேண்டியவை வேறு. இவர் போன மறுநாள் காலைப் பயிற்சியில் என்ன மாறும்? அதை மாற்றப்போகிற ஆள் யார்? இந்த இரண்டுக்கும் குறிப்பாக, பெயர் சொல்லிப் பதில் எழுத முடிந்தால் மாற்றலாம். முடியாவிட்டால் நடப்பது வெறும் கோபத் தணிப்பு.

கீழே உள்ள படிகள் அந்தப் பதிலைத் தேடும் வழி. முடிவெடுக்கும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள். உதாரணங்கள் எல்லாம் என்பிஏவில் நடந்தவை.

தொடங்கும் முன்: ஏன் எப்போதும் கோச்சின் தலையே உருள்கிறது

என்பிஏவில் வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு வீரரை மாற்ற வேண்டுமானால் சம்பளக் கணக்கு பொருந்த வேண்டும், எதிர்ப்பக்கம் ஓர் அணி சம்மதிக்க வேண்டும், டிரேடு (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) காலக்கெடு தாண்டியிருக்கக் கூடாது. பயிற்சியாளரின் சம்பளமோ அந்த வரம்புக்குள்ளேயே வராது. உரிமையாளர் மீதிச் சம்பளத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும். நோய் எங்கே இருந்தாலும் மருந்து கோச்சுக்கே போவதற்கு இதுதான் காரணம்: கைக்கு எட்டும் மாற்றம் அது ஒன்றுதான். எளிதில் செய்ய முடிகிறது என்பதாலேயே அது சரியான முடிவாகிவிடாது.

முதல் படி: தோல்வியில் அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழியுங்கள்

வெற்றி, தோல்விக் கணக்கை மூடி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது புள்ளி வித்தியாசம்: ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி அடித்தோம், எத்தனை கொடுத்தோம். 82 ஆட்டச் சீசனில் சராசரி ஒரு புள்ளி கூடுதலாக இருப்பது சுமார் இரண்டரை வெற்றிக்குச் சமம் என்பது பல காலமாகப் புழங்கும் தோராயக் கணக்கு. ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி பாதிக்குப் பாதி தோற்றுக்கொண்டிருந்தால், நெருக்கமான ஆட்டங்களைக் கோட்டை விடுகிறது என்று அர்த்தம். அதில் பெரும்பகுதி சீக்கிரமே சமனாகிவிடும்.

அப்புறம், எதிரணியின் மூன்று புள்ளி ஷாட் சதவீதத்தைப் பாருங்கள். எதிரணி எத்தனை முறை அங்கிருந்து வீசுகிறது, எவ்வளவு இடைவெளி கிடைத்து வீசுகிறது என்பதில் உங்கள் டிஃபன்ஸுக்குப் பங்கு உண்டு. பந்து உள்ளே விழுகிறதா என்பதில் பங்கு மிகக் குறைவு. பத்துப் பதினைந்து ஆட்டங்களுக்கு எதிரணிகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வீசியும் உள்ளே விழுந்தால், அதற்காக ஒருவரின் வேலையைப் பறிக்க முடியாது. கூடவே காயப் பட்டியலையும் எடுத்து வையுங்கள். எதிரணி மைதானத்தில் ஆடியவை எத்தனை, அடுத்தடுத்த நாளில் ஆடியவை எத்தனை என்று எண்ணுங்கள்.

2022 ஜனவரி 6 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் நியூயார்க்கில் 25 புள்ளி முன்னிலையைத் தொலைத்தது. ஆட்டம் முடியும் சங்கு ஒலிக்கும் நொடியில் ஆர்.ஜே. பேரட் வீசிய மூன்று புள்ளிப் பந்து பலகையில் பட்டு உள்ளே விழ, 108-105 என்று தோற்றது. கணக்கு 18 வெற்றி, 21 தோல்வி. பயிற்சியாளர் இமே உடோகாவுக்கு அது முதல் சீசன். அன்றிரவு ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் அவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்? நிர்வாகம் அசையவில்லை. பிப்ரவரியில் டெரிக் வைட் என்ற வீரர் வந்தார். அதே அணி 51-31 (51 வெற்றி, 31 தோல்வி) என்று சீசனை முடித்து இறுதிப்போட்டி வரை போனது.

இதன் மறுபக்கம்தான் ஆளை ஏமாற்றும். தொடர் தோல்விகளின் அடிமட்டத்தில் கோச்சை மாற்றும் அணி அதன்பின் கொஞ்சம் மேலே வருவது இயல்பு, அவரை மாற்றாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். 2021 மார்ச் 1 அன்று அட்லாண்டா ஹாக்ஸ் 14-20 என்ற நிலையில் லாய்ட் பியர்ஸை நீக்கி நேட் மெக்மில்லனிடம் பொறுப்பைக் கொடுத்தது. அதன்பின் 27-11, கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்று வரை பயணம். பாராட்டலாம். ஆனால் முழங்கால் காயத்தில் ஒதுங்கியிருந்த போக்தான் போக்தானோவிச் களத்துக்குத் திரும்பியதும் அதே வாரம்தான். அவர் பங்கு எவ்வளவு, கோச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

இரண்டாம் படி: கோச்சின் கையில் எது, எது இல்லை

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கோச்சின் கையில் இருப்பவை: யார் தொடக்கத்தில் இறங்குவது, யாருக்கு எத்தனை நிமிடம், பிக் அண்ட் ரோலை (ஒருவர் தடையாக நின்று பந்து வைத்திருப்பவருக்கு வழிவிட்டு, பிறகு கூடையை நோக்கி ஓடும் ஆட்டம்) எப்படித் தடுப்பது, டைம்அவுட்டுக்குப் பிறகு என்ன ஆட்டம் போடுவது, நடுவரின் முடிவை எப்போது எதிர்த்துக் கேட்பது, இளம் வீரர்கள் வளர்கிறார்களா என்பது. வலப்பக்கம் அவர் கையில் இல்லாதவை: அணியின் அமைப்பு, வீரர்களின் வயது, காயம், ஒப்பந்தச் சண்டைகள், ஃப்ரீ த்ரோ வீசத் தெரியாத சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்). உங்கள் அணியைப் பற்றிய ஒவ்வொரு குறையையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். வலப்பக்கம் நிரம்பி வழிந்தால் நீக்கக் கடிதம் அணியைக் கட்டும் பொது மேலாளருக்குப் போக வேண்டியது.

ஒரு குறை இரண்டு பக்கமும் வரும் இடங்கள்தான் சங்கடம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023 கோடையில் மான்டி வில்லியம்ஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.85 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. முதல் சீசனிலேயே தொடர்ந்து 28 தோல்வி, ஒரே சீசனில் அதுவரை எந்த என்பிஏ அணியும் அத்தனை ஆட்டம் தொடர்ந்து தோற்றதில்லை. முடிவில் 14-68. அவர் இடத்துக்கு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார், அணி 44-38 என்று நிமிர்ந்தது. அப்படியானால் எல்லாம் கோச் செய்த வேலையா? அந்தக் கோடையில் டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று தூரத்திலிருந்து வீசத் தெரிந்த அனுபவசாலிகள் மூன்று பேர் வந்தார்கள். அணியின் நட்சத்திரம் கேட் கன்னிங்காமுக்கு நகர இடம் கிடைத்தது. அதே சமயம், முந்தைய சீசனின் தொடக்கத்தில் ஜேடன் ஐவியை பெஞ்சில் உட்கார வைத்துக் கில்லியன் ஹேஸை இறக்கியது இடப்பக்கக் குறைதான், அதை வில்லியம்ஸ் கணக்கில் எழுதாமல் இருக்க முடியாது. என் கணிப்பில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு, வலப்பக்கத்துக்குச் சற்று அதிகம்.

மூன்றாம் படி: ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள்

எண்கள் சந்தேகத்தைக் கிளப்பும். அதை உறுதி செய்யக் காணொளி வேண்டும். ஏழு ஆட்டங்களை எடுங்கள், ஐந்து தோல்வி, இரண்டு வெற்றி. வெற்றியையும் பார்ப்பது முக்கியம், தோல்வியில் மட்டும் தெரியும் குறை பெரும்பாலும் நம் கண்ணின் குறை. ஏழையும் முழுதாகப் பார்க்க வேண்டாம். மூன்று இடங்கள் போதும்.

முதலாவது, டைம்அவுட் முடிந்து வரும் முதல் தாக்குதல். கோச் பலகையில் வரைந்து காட்டியதும் வீரர்கள் செய்வதும் ஒன்றுதானா என்பதைக் கலப்படமில்லாமல் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் அது. நல்ல வாய்ப்பு உருவாகி ஷாட் தவறினால் கோச் தன் வேலையைச் செய்திருக்கிறார். ஒருவர் மூலையில் தயங்கி நின்று, இன்னொருவர் கையை நீட்டி "அங்கே போ" என்று காட்டிக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மூன்றாம் கால்பகுதியின் முதல் ஐந்து நிமிடம். இடைவேளையில் எதிரணி என்ன மாற்றிக்கொண்டு வந்தது, நாம் என்ன மாற்றினோம் என்பது அங்கே தெரிந்துவிடும். மூன்றாவது, பந்தை இழந்தவுடன் ஐந்து பேரும் திரும்பி ஓடுகிறார்களா என்பது. இதற்குப் பெரிய வியூக அறிவு எதுவும் வேண்டாம். ஓடுவது மனசு. ஒரு சீசனில் பத்து ஆட்டம் ஓடாமல் இருப்பது களைப்பு. நாற்பது ஆட்டம் ஓடாமல் இருந்தால் யாரோ யாரையோ கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்குப் போகும் அணி என்றால் நான்காவதாக ஒன்று சேரும். ஏழு ஆட்டத் தொடரில் எதிரணி உங்கள் பழக்கத்தைக் கண்டுபிடித்த பிறகு, எத்தனை ஆட்டம் கழித்து நீங்கள் மாறினீர்கள்? 2023இல் லீக்கிலேயே அதிகமாக 58 ஆட்டம் வென்ற மில்வாக்கி பக்ஸ், எட்டாம் இடத்தில் உள்ளே வந்த மயாமி ஹீட்டிடம் முதல் சுற்றில் 4-1 என்று வீழ்ந்தது. மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு அடுத்த இரண்டில் ஆடவில்லை, அது வலப்பக்கம். ஆனால் நான்காம் ஆட்டத்தில் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 புள்ளி அடித்தார், ஐந்தாவதில் மறுபடி 42. அவரைத் தடுக்கும் முறை பெரிதாக மாறவே இல்லை. ஐந்தாம் ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதிக்குள் 16 புள்ளி முன்னிலையோடு நுழைந்தும் அது கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே 126-128 என்று பின்தங்கிய கடைசித் தாக்குதலில் டைம்அவுட் கையிருப்பில் இருந்தும் மில்வாக்கி கோச் மைக் புடன்ஹோல்சர் கூப்பிடவில்லை. கிரேசன் ஆலன் உள்ளே புகுந்து, ஷாட் கையை விட்டுப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தச் சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், கோச்சின் கையில் இருந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய குறை எப்படி இருக்கும் என்று தெரியும்.

நான்காம் படி: உடைமாற்றும் அறையில் குரல் இன்னும் எடுபடுகிறதா

இதற்கு எண் கிடையாது. பெஞ்சில் இருக்கும் எட்டாவது, ஒன்பதாவது வீரரிடம் பேசுங்கள். நட்சத்திரத்தின் குரல் எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும், அவருடைய ஏஜென்ட் கொண்டு வந்து சேர்ப்பார். அடிமட்டத்தில் இருப்பவர் "கோச் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரியும், பிடிக்கவில்லை, அவ்வளவுதான்" என்றால் அறை இன்னும் கோச்சிடம் இருக்கிறது. "ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறார்" என்றால் இல்லை.

நட்சத்திரத்துக்குப் பிடிக்காததும் அணி கேட்பதை நிறுத்தியதும் ஒன்றல்ல. 2010 நவம்பரில் மயாமி ஹீட் டல்லஸில் தோற்றுக்கொண்டிருந்தபோது, டைம்அவுட்டுக்காக பெஞ்சை நோக்கி வந்த லெப்ரான் ஜேம்ஸின் தோள் கோச் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவின் தோளில் இடித்தது. தற்செயலா, வேண்டுமென்றா என்று நாடே விவாதித்தது. அணி 9-8. அணியின் தலைவர் பாட் ரைலியே மறுபடி பெஞ்சில் வந்து உட்காருவார் என்று பேச்சு, காரணமும் உண்டு: 2005 டிசம்பரில் அப்போதைய கோச் ஸ்டான் வான் கண்டி 11-10 என்ற நிலையில் விலகியபோது ரைலிதான் பொறுப்பேற்று அந்த சீசனிலேயே கோப்பையை வென்றார். இந்த முறை அவர் நகரவில்லை. அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் தோற்றார்கள், 2012லும் 2013லும் வென்றார்கள்.

எதிர் உதாரணமும் கையில் இருக்கிறது. 2016 ஜனவரியில் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 30-11 என்று கிழக்கில் முதலிடத்தில் இருந்தபோதே டேவிட் பிளாட்டை நீக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். உள்ளே, ஜெயித்த ஆட்டங்களுக்குப் பிறகும் அணியில் ஒட்டுதல் இல்லை என்பது பொது மேலாளரின் கணிப்பு. டைரன் லூ வந்தார், ஜூனில் 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட்டிடம் 3-1 என்று பின்தங்கி, அங்கிருந்து கோப்பையைத் தட்டிவந்தார்கள். கவனிக்க வேண்டியது இதில் ஒன்று உண்டு: லூ எங்கிருந்தோ வரவில்லை. ஒன்றரை ஆண்டாக அதே பெஞ்சில் முதன்மை உதவியாளராக இருந்தவர், வீரர்கள் ஏற்கெனவே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் படி: பதிலுக்கு யார், என்ன மாற்றப்போகிறார்

பெரும்பாலான அணிகள் வழுக்கி விழுவது இங்கேதான். ஆளை அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைத் தேடுகிறார்கள். 2025 ஜூனில் நியூயார்க் நிக்ஸ் 25 ஆண்டுகளில் முதல்முறையாக அணியைக் கிழக்குப் பிரிவு இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோன டாம் திபோடோவை நீக்கியது. அப்புறம் வேறு அணிகளில் ஒப்பந்தத்தில் இருந்த பயிற்சியாளர்களுடன் பேச அனுமதி கேட்டு, வரிசையாக மறுப்பு வாங்கியது. ஜூலையில்தான் மைக் பிரவுனை நியமித்தது. பிரவுன் திறமைசாலி, அது வேறு விஷயம். ஆனால் திருமண மண்டபம் பிடித்த பிறகு மாப்பிள்ளை தேடிய கதை அது.

மில்வாக்கி இதைவிட மோசம். புடன்ஹோல்சர் மேல் நியாயமான குறை இருந்தது என்று மேலே பார்த்தோம். ஆனால் பதிலுக்கு வந்த ஏட்ரியன் கிரிஃபின் அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததே இல்லை. பக்கத்தில் உட்கார வேண்டிய அனுபவசாலி டெர்ரி ஸ்டாட்ஸ் சீசன் தொடங்கும் முன்பே விலகிவிட்டார். டேமியன் லில்லர்டுக்காக அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஜ்ரூ ஹாலிடே கைமாறினார். அதே நேரத்தில் கிரிஃபின் பல ஆண்டாகப் பழகிய டிஃபன்ஸையும் மாற்றப் பார்த்தார், கூடைக்கு அருகே நின்றே பேர் வாங்கிய புரூக் லோபஸ் வெளியே ஏறி வந்து தடுக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் 30-13 என்று இருந்தபோதே அவரையும் நீக்கினார்கள். டாக் ரிவர்ஸ் வந்தார், 17-19, முதல் சுற்றில் வெளியேற்றம். ஒன்பது மாதத்துக்குள் இரண்டு கோச் போய், மூன்றாவது ஆளுக்குச் சம்பளம்.

சரியாக நடந்ததற்கு உதாரணம் கோல்டன் ஸ்டேட். மார்க் ஜாக்சன் மோசமான கோச் அல்ல, 23 வெற்றியிலிருந்து 51 வரை ஏற்றியவர், டிஃபன்ஸ் லீக்கின் முன்வரிசையில் இருந்தது. ஆனால் 2013-14இல் லீக்கிலேயே மிகக் குறைவாகப் பாஸ் செய்த அணி அதுதான், கையில் தூரத்திலிருந்து வீசுவதில் வல்லவர்களான ஸ்டெஃப் கரியும் கிளே தாம்சனும் இருந்தும்! 2014இல் வந்த ஸ்டீவ் கெர் டிஃபன்ஸை அப்படியே விட்டார். பந்து நகர வேண்டும் என்றார், ஆண்ட்ரே இகுவோடாலாவை பெஞ்சுக்கு அனுப்பினார். மறுநாள் காலை என்ன மாறும் என்ற கேள்விக்கு இரண்டே வரியில் பதில். 67-15, கோப்பை. டேவிட் லீ காயமடைந்ததால்தான் டிரேமண்ட் கிரீனுக்குத் தொடக்க ஐவரில் இடம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டொராண்டோவுக்கு வருகிறேன். கேசி 59-23, அவருக்குப் பின் நிக் நர்ஸ் 58-24. இடையில் நட்சத்திர வீரர் கவாய் லெனர்ட் வந்தார், கோப்பையில் பெரும்பங்கு அவருடையது. ஆனால் கேசியின் அணி மூன்று ஆண்டு தொடர்ந்து கிளீவ்லாந்திடமே பிளேஆஃபில் தோற்றது. நர்ஸோ, 2019 இறுதிப்போட்டியின் நடுவே, பள்ளிக்கூட அணிகள் ஆடும் பாக்ஸ் அண்ட் ஒன் முறையைக் கரிக்கு எதிராக இறக்கினார். ஒருவர் கரியை நிழலாகத் தொடர, மற்ற நால்வர் கூடையைச் சுற்றிச் சதுரம் கட்டினார்கள். பிளேஆஃபில் துணிந்து மாறுவார் என்பதற்காக அவரை எடுத்திருந்தால், எடுத்த காரணம் களத்திலேயே தெரிந்தது.

ஆறாம் படி: எப்போது

கோடைக்காலமே நல்லது. சீசனுக்கு நடுவே முழுப் பயிற்சி நாட்களே சில. புதிதாக ஒரு தாக்குதல் முறையைக் கற்றுத்தர நேரம் கிடையாது. நடுவில் மாற்றினால் மாறக்கூடியவை மூன்று: யாருக்கு எத்தனை நிமிடம், தடுப்பு முறை, குரலின் தொனி. உங்கள் தாளில் உள்ள குறை இந்த மூன்றில் ஒன்று என்றால் நடுவிலும் செய்யலாம், அதுவும் உள்ளேயே இருக்கும் உதவியாளரைக் கொண்டு.

2025 வசந்தத்தில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு அணிகள் இதைச் சோதித்துக் காட்டின. மெம்பிஸ் 44-29 என்ற நிலையில், ஒன்பது ஆட்டம் மீதியிருக்க டெய்லர் ஜென்கின்ஸை நீக்கியது, முதல் சுற்றில் ஒக்லஹோமாவிடம் 4-0. டென்வர் மூன்றே ஆட்டம் மீதியிருக்க, 2023இல் கோப்பை வென்று தந்த மைக்கேல் மலோனையும் பொது மேலாளரையும் ஒரே நாளில் அனுப்பியது. பல ஆண்டு உதவியாளர் டேவிட் அடெல்மன் மீதி மூன்றையும் வென்று, அதே ஒக்லஹோமாவை இரண்டாம் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார். இரண்டையும் வைத்து விதி எழுத முடியாது. மேலிடச் சண்டை கோச்சுக்கும் மேலாளருக்கும் இடையே என்றால் ஒருவரை மட்டும் அனுப்புவது பாதி வேலை, அதை டென்வர் புரிந்துகொண்டது என்று மட்டும் சொல்வேன்.

ஏழாம் படி: முடிவை எழுதி வையுங்கள்

நீக்குவதென்றால், செய்தி கசியும் முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள், அடுத்து வீரர்களிடம், பிறகுதான் வெளியே. உதவியாளர்களில் யார் இருப்பார், யார் போவார் என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

வைத்துக்கொள்வதென்றால் அரைமனதோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருப்பவரின் பேச்சை வீரர்கள் எவ்வளவு நாள் கேட்பார்கள்? நீட்டியுங்கள், அல்லது வலப்பக்கத்தில் எழுதிய குறைகளில் ஒன்றையாவது நீங்கள் தீர்த்துக் கொடுங்கள். ஒக்லஹோமா மார்க் டெய்க்னோவை 22-50லும் வைத்திருந்தது, அடுத்த ஆண்டு 24-58லும் வைத்திருந்தது. அணியை இளைஞர்களைக் கொண்டு மெதுவாகக் கட்டுகிறோம், அதுவரை தோல்விக்கு அவர் பொறுப்பல்ல என்று நிர்வாகத்துக்குத் தெளிவு இருந்தது. 2025இல் 68-14, கோப்பை.

இரண்டில் எது என்றாலும் ஒரு பக்கம் எழுதுங்கள்: எதை எதிர்பார்த்து இந்த முடிவு, எந்த எண் எவ்வளவு நகர வேண்டும், எந்த வீரரின் நிமிடம் மாற வேண்டும். வெற்றி எண்ணிக்கையை அதில் எழுத வேண்டாம். தேதி போட்டு உறையில் வைத்து, இருபதாவது ஆட்டம் முடிந்த மறுநாள் பிரியுங்கள், அன்று தோற்றிருந்தாலும், ஜெயித்திருந்தாலும்.